மங்கும் மண்ணீட்டாளரும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர்க்குச் சுடுமண் கலம் என்றவுடன் நினைவில் எழுவது மங்கு. இரப்பர் மரத்தில் பால் ஏந்தி நின்ற சிறு கலம் அது. 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல் தோட்டத் தமிழர் நாவில் ஈறு கெட்டு மங்கு ஆயிற்று. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் மங்கு துடைத்த கைகளைப் பார்த்தே யான் வளர்ந்தேன். அக்கலத்தை வனைந்தவரையும் ஒரு கலைஞர் என எவரும் எமக்குச் சொன்னதில்லை.

சிலப்பதிகாரமோ மருவூர்ப்பாக்கத்து வினைஞரை வரிசைப்படுத்துமிடத்தில் ஓவியரை அடுத்து மண்ணீட்டாளரை நிறுத்துகிறது. மண்ணால் உருவம் சமைப்போர் என்பது அச்சொல்லின் பொருள். கலை வேறு, கைத்தொழில் வேறு எனக் கண்டது பிற்காலமே. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, மட்கலத் தொழிலையும் பயிற்றியது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வரானபின் நுண்கலை மேலோங்கியது. மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் படைப்பே.

அவரிடம் பயின்றவர் மயிலாப்பூரில் பிறந்த எஸ். தனபால் (1919–2000). ஓவியம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பின்னர்ச் சிற்பத்திற்கு வந்தார். 1972 முதல் 1977 வரை முதல்வராகவும் விளங்கினார். ராய் சௌத்ரியின் தசை முறுக்கேறிய மெய்ம்மைப் பாணியை அவர் தொடரவில்லை. நடனமும் கற்றவராதலின், சோழர் செப்புத் திருமேனிகளின் ஓட்டமே அவரை ஈர்த்தது போலும். தம் வழியை மாணவர்மேல் அவர் சுமத்தவில்லை என்பதற்கு அம்மாணவரே சான்று. பி. வி. ஜானகிராம் உலோகத் தகட்டை நாடினார்; கானாயி குஞ்ஞிராமன் மலம்புழாவில் பேருருவ யட்சியை 1969இல் எழுப்பினார். ஒருவர் பணி மற்றவர் பணியை ஒவ்வாது. தனபால் வடித்த சிலைகளினும் இதுவே பெரிது என்பது என் துணிபு.

குடியாத்தத்துச் சி. தட்சிணாமூர்த்தியும் (1943–2016) அக்கல்லூரியில் பயின்று அங்கேயே கற்பித்தவர். கருங்கல்லிலும் சுடுமண்ணிலும் அவர் மகளிர் தலைகளை வடித்தார். கல்லில் உளி பிழைத்தால் உடனே தெரியும். மண்ணின் பிழையோ சூளைக்குள்தான் வெளிப்படும். உள்ளே குடைந்து, நன்கு உலர்த்தி, மெல்லச் சூடேற்றாவிடின் எஞ்சிய ஈரம் ஆவியாகிச் சிலையைப் பிளந்துவிடும். ஆதலின் சுடுமண் சிற்பி குயவரின் விதிக்கு உட்பட்டவர். ஹன்டர் காலத்துப் பள்ளி கற்பித்த தொழிலறிவு அவருக்கு இன்றியமையாதது.

பேராக் மண்ணுக்கும் இவ்வறிவு புதிதன்று. பீடோர், தாப்பா வட்டாரங்களில் வெண்களிமண் அகழப்படுகிறது. கோலகங்சாரை அடுத்த சாயோங்கில் மலாய்க் குயவர் சுரைக்காய் வடிவ நீர்க்குடங்களைச் சுட்டு, நெல் உமியில் இட்டுக் கருமையேற்றுகின்றனர். ஈப்போவிலிருந்து ஒருநாட் பயணமாக மாணவரை அங்கே அழைத்துச் செல்லலாம்.

என் மேசைமேல் பழைய மங்கு ஒன்று இருக்கிறது. அண்மையில் வீட்டிற்கு வந்த மாணவி அதனைக் கையிலெடுத்து, "ஐயா, இஃது என்ன கிண்ணம்?" என்றாள். பெயரைச் சொன்னேன். செய்தவர் யார் என்றும் கேட்டாள்.