ஸ்டார் ட்ரெக் விண்கல வடிவமைப்பு விவாதம்

ஸ்டார் ட்ரெக் விண்கல வடிவமைப்பு விவாதம் என்பது, ஸ்டார் ட்ரெக் எனப்படும் அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் விண்கலங்களின் அமைப்பு, அளவு, போர்த்திறன் ஆகியவை பற்றி இரசிகர்களிடையே பல பத்தாண்டுகளாக நடைபெற்று வரும் கருத்தாடலைக் குறிக்கும். ஒரு கலத்தின் நீளம் எவ்வளவு என்பது போன்ற சிறு கேள்விகள் முதல், விண்வெளியில் கடற்படை போல அணிவகுத்துப் போரிட முடியுமா என்பது வரை இது விரிந்துள்ளது. அமைதியான ஆய்வுக்காகக் கட்டப்பட்ட கலம் போருக்கும் ஏற்றதாக இருக்க முடியுமா, இருக்க வேண்டுமா என்பதே இவ்விவாதத்தின் மையக் கேள்வி எனலாம்.

பின்னணி

முதல் தொடர் செப்டம்பர் 8, 1966 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. அதில் வரும் என்டர்பிரைஸ் கலத்தை வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். இவர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பணியாற்றியவர். கலத்தின் முன்பகுதி தட்டு வடிவிலும், அதன் கீழுள்ள பகுதி உருளை வடிவிலும் அமைந்தன. ஒளியை மிஞ்சிய வேகத்தைத் தரும் இரு உந்துபொறிகள் நீண்ட தாங்கிகளின் முனையில் பொருத்தப்பட்டன. இத்தகைய ஆற்றல் வாய்ந்த பொறிகள் ஆபத்தானவை, ஆகவே அவை பணியாளர்களிடமிருந்து விலகி இருக்கவேண்டும் என்று ஜெஃப்ரீஸ் கருதினார். பழுதுபார்ப்பு உள்ளிருந்தே நடைபெறும் என்பதால் வெளிப்புறத்தை வழவழப்பாக விட்டார். கதையின்படி இக்கலத்தின் நீளம் 289 மீட்டர், பணியாளர் ஏறத்தாழ 430 பேர்.

கட்டளை அறை தட்டின் உச்சியில் வெளிப்படையாக அமைந்திருப்பதும், இரு பகுதிகளை இணைக்கும் கழுத்து மெல்லியதாக இருப்பதும் போருக்கு ஏற்றவையல்ல என்பது பழமையான குறைகூறல். கலத்தைக் காப்பது ஆற்றல் கேடயமே, கேடயம் வீழ்ந்தபின் அறை எங்கிருந்தாலும் ஒன்றே என்பது இதற்குத் தரப்படும் மறுமொழி. கட்டளை அறையின் இடத்துக்குத் தயாரிப்பு சார்ந்த பயனும் உண்டு. முதல் முன்னோட்டப் படமான "த கேஜ்" இல் படக்கருவி வெளியிலிருந்து கட்டளை அறையின் கூரையை நெருங்கி உள்ளே நுழைகிறது. கலம் எவ்வளவு பெரியது என்பது பார்வையாளருக்கு அந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடுகிறது.

1975 இல் ஃபிரான்ஸ் ஜோசஃப் வெளியிட்ட தொழில்நுட்பக் கையேடு, தொலைக்காட்சியில் வராத போர்க்கல வகைகளையும் வரைபடங்களுடன் அறிமுகப்படுத்தியது. இதனை அடிப்படையாகக் கொண்டு 1979 இல் "ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்" என்னும் பலகை விளையாட்டு வெளிவந்தது. ஒவ்வொரு கலத்தின் ஆற்றலையும் இயக்கம், ஆயுதம், கேடயம் ஆகியவற்றுக்கு எண்களாகப் பகிர்ந்தளிக்கும் முறை இவ்விளையாட்டில் இருந்தது.

ஆய்வுக்கலமா, போர்க்கலமா?

1987 இல் தொடங்கிய "த நெக்ஸ்ட் ஜெனரேஷன்" தொடரின் என்டர்பிரைஸ்-டி, ஆண்ட்ரூ புரோபர்ட் வடிவமைத்தது. ஏறத்தாழ 642 மீட்டர் நீளமுள்ள இக்கலத்தில் 1,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். பணியாளர்களின் குடும்பங்களும் குழந்தைகளும் இவர்களுள் அடங்குவர். பள்ளியும் கலத்திலேயே இருந்தது. போர் நிகழக்கூடிய இடத்திற்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வது பொறுப்பற்றது என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஆண்டுக்கணக்கில் நீளும் ஆய்வுப் பயணத்தில் குடும்பத்தைப் பிரிந்திருக்கச் செய்வதே கொடுமை என்றனர் மறுசாரார்.

ஆபத்து நேரத்தில் தட்டுப் பகுதி மக்களுடன் தனியே பிரிந்து செல்லும் என்பது வடிவமைப்பிலேயே இருந்த தீர்வு. ஆயினும் ஏழு பருவங்களில் இக்காட்சி மூன்று கதைகளில் மட்டுமே வந்தது. இது கதையின் வேகத்தைக் குறைத்தது. மேலும், மூன்றாம் பருவத்தில் கட்டப்பட்ட நான்கு அடி மாதிரியுரு பிரியும் வசதியற்றது.

"யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்" (1990) என்னும் கதையில் வரலாறு மாறி, இதே கலம் குடும்பங்கள் ஏதுமற்ற போர்க்கலமாகத் தோன்றுகிறது. குறை கலத்தின் கட்டமைப்பில் இல்லை, அதனைப் பயன்படுத்தும் முறையிலேயே உள்ளது என்போர் இதைச் சான்றாகக் காட்டுவர். 1994 இல் வந்த "த ஜெம்'ஹடார்" கதையில் இதே வகையைச் சேர்ந்த ஒடிசி என்னும் கலம் பொதுமக்களை முன்கூட்டியே இறக்கிவிட்டுப் போருக்குச் செல்கிறது. எனினும் பின்வாங்கும் வேளையில் பகைக்கலம் ஒன்று மோதி அது அழிகிறது.

வுல்ஃப் 359

வுல்ஃப் 359 என்பது சிம்ம விண்மீன் குழாமில், புவியிலிருந்து ஏறத்தாழ 7.9 ஒளியாண்டுத் தொலைவில் உண்மையாகவே உள்ள ஒரு செங்குறுமீன். கதையில், போர்க் என்னும் இயந்திர இனத்தின் ஒற்றைக் கனசதுரக் கலம் இவ்விடத்தில் 39 கலங்களை அழிக்கிறது. ஏறத்தாழ 11,000 பேர் இறக்கின்றனர். செப்டம்பர் 24, 1990 அன்று ஒளிபரப்பான கதையில் போர் காட்டப்படவில்லை, சிதைவுகள் மட்டுமே காட்டப்பட்டன. கடைகளில் விற்ற மாதிரியுருத் தொகுப்புகளை வெட்டி ஒட்டி இச்சிதைவுகள் செய்யப்பட்டன. வண்ணக் குறிப்புப் பேனாக்களும் இவற்றில் பயன்பட்டன. நொடிக்கணக்கில் தோன்றிய இக்கலங்களின் வகைகளை அடையாளம் காண்பதே இரசிகர்களின் தனி ஆய்வாயிற்று.

போரின் ஒரு பகுதி 1993 இல் "டீப் ஸ்பேஸ் நைன்" தொடரின் முதற்கதையில் காட்டப்பட்டது. கலங்கள் ஒருசேரத் தாக்காமல் மிக அருகில் சென்று ஒவ்வொன்றாக அழிவது ஏன் என்ற கேள்வி இதனால் எழுந்தது. போர்க் இனத்திடம் சிறைப்பட்ட கப்பல் தலைவர் பிக்கார்டின் அறிவு முழுவதும் பகைவருக்குத் தெரிந்திருந்தது என்பது கதைக்குள்ளான விடை. இக்கதையில் சரட்டோகா கலத்தின் துணைத்தலைவர் சிஸ்கோ, கலத்திலேயே மனைவியை இழந்து, மகனுடன் தப்புகிறார். குடும்பங்கள் பற்றிய விவாதத்தில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இதுவே.

இதன் விளைவாக, 1994 இல் அறிமுகமான டிஃபையன்ட் சிறியதாகவும் முழுக்கப் போருக்கானதாகவும் அமைந்தது. அதில் குடும்பங்களுக்கு இடமில்லை. ஆயினும் கதையில் அது "காவற்கலம்" என்றே அழைக்கப்படுகிறது. போர்க்கலம் என்ற சொல்லைத் தவிர்ப்பது கூட்டமைப்பின் அமைதிக் கொள்கையா, பாசாங்கா என்பதும் விவாதத்திற்குரியது.

பெரும் அணிப் போர்கள்

மாதிரியுருக்களைக் கொண்டு ஒரே காட்சியில் சில கலங்களுக்கு மேல் காட்டுவது செலவு மிக்கது. கணினி வரைகலை வளர்ந்தபின் இத்தடை நீங்கியது. 1997 இல் வந்த "சாக்ரிஃபைஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்" கதையில் 600க்கும் மேற்பட்ட கலங்கள் தம்மைப் போல் இரு மடங்கு எண்ணிக்கையுள்ள பகைப்படையை எதிர்கொள்கின்றன.

இக்காட்சிகளில் கலங்கள் ஒரே தளத்தில், ஒன்றையொன்று உரசும் தொலைவில், விமானங்கள் போல வளைந்து திரும்புகின்றன. ஆனால் வசனங்களில் தாக்குதல் தொலைவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எனக் கூறப்படுகிறது. உண்மைத் தொலைவில் காட்டினால் பகைக்கலம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. 1982 இல் வந்த இரண்டாம் திரைப்படத்தில் எதிரி இருபரிமாணத்தில் மட்டுமே சிந்திக்கிறான் என்பதை உணர்ந்து, என்டர்பிரைஸ் கீழிறங்கிப் பின்புறமாக எழுகிறது. முப்பரிமாணப் போர் முறைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

அளவுகளும் சான்றுகளும்

கிளிங்கன் இனத்தவரின் "பேர்ட் ஆஃப் பிரே" கலம் 1984 இல் சிறு குழுவினர் மட்டுமே இயக்கும் கலமாக அறிமுகமானது. பின்னர் அதே மாதிரியுரு, காட்சிக்குக் காட்சி பல மடங்கு வேறுபட்ட அளவுகளில் பயன்படுத்தப்பட்டது. டிஃபையன்டின் நீளமும் 120 மீட்டர், 170 மீட்டர் என இருவேறாகக் கணக்கிடப்படுகிறது. திரையில் தெரிவதே சான்று என்போர், வசனமே சான்று என்போர், கையேடுகளை ஏற்போர் என மூன்று அணுகுமுறைகள் உள்ளன. சாளரங்களின் எண்ணிக்கை, தளங்களின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு அளவிடும் முறை பரவலானது.

பிற தொடர்களுடன் ஒப்பீடு

"பாபிலோன் 5" (1994–1998) தொடரின் ஸ்டார்ஃபியூரி சிறுகலம், தன் நிலைமத்தால் முன்னோக்கிச் சென்றுகொண்டே முகத்தைத் திருப்பிப் பின்னால் சுடக்கூடியது. நியூட்டனின் இயக்க விதிகளுக்கு இது பொருந்துகிறது. "த எக்ஸ்பான்ஸ்" (2015–2022) தொடரில் உந்துவிசையே ஈர்ப்பு போன்ற உணர்வைத் தருகிறது. ஆகவே கலத்தின் தளங்கள் அடுக்குமாடிக் கட்டடம் போல, பொறி கீழே இருக்குமாறு அமைந்துள்ளன. இவற்றோடு ஒப்பிடுகையில் ஸ்டார் ட்ரெக் கலங்கள் இயற்பியலைவிடக் கடற்பயண மரபையே மிகுதியாகப் பின்பற்றுகின்றன.

இவற்றையும் பார்க்க

ஸ்டார் ட்ரெக்
அறிபுனை
நியூட்டனின் இயக்க விதிகள்