மாலிப்டினம் சல்ஃபைடா, நிக்கல் பாஸ்பைடா?

பெட்ரோலிய ஆலைகளில் எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கப் பல்லாண்டுகளாகப் பயன்படுவது மாலிப்டினம் டைசல்ஃபைடு. அதே வேலைக்காக ஆராயப்பட்டது நிக்கல் பாஸ்பைடு. நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் எதிர்மின்முனையில் பிளாட்டினத்துக்கு மாற்றாக இரண்டையுமே கணினிக் கணக்குகள் 2005இல் அடையாளம் காட்டின. முதலாவதைச் சொன்னது டென்மார்க்கின் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழு. இரண்டாவதை, அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பிங் லியுவும் ஹோசே ரோட்ரிகஸும். ஹைட்ரஜன் அணுவை இறுகப் பற்றவும் கூடாது, நழுவவிடவும் கூடாது என்பதே இரு குழுக்களும் தேடிய பண்பு.

சல்ஃபைடின் தட்டையான பரப்பு ஏறக்குறைய செயலற்றது; வினை நடப்பது ஓரத்தில். 2007இல் தாமஸ் ஹராமியோவும் சக ஆய்வாளர்களும் தங்கத்தின் மேல் நுண்துகள்களை வளர்த்து அளந்தார்கள். வினைவேகம் பரப்பளவைப் பொறுத்து அல்ல, ஓரங்களின் நீளத்தைப் பொறுத்தே கூடியது. ஓரங்களைப் பெருக்குவது, கந்தக அணுக்களைப் பறித்துத் தட்டைப் பரப்பையும் விழிக்கச் செய்வது என்று பின்னால் வந்த பல முயற்சிகள் இந்த அளவீட்டிலிருந்து கிளைத்தவை. சல்ஃபைடில் அடுக்குக்கு அடுக்கு மின்சாரம் எளிதில் பாயாது என்பது இன்னொரு சங்கடம். அதற்காகக் கிராஃபீன் மேல் வளர்த்தார்கள்.

பாஸ்பைடுக்கு அந்தச் சங்கடம் இல்லை, அது நன்கு கடத்தும். நிக்கல் அணுக்களுக்கிடையே பாஸ்பரஸ் இருப்பதால் ஹைட்ரஜன் சிக்கிக்கொள்வதுமில்லை. 2013இல் ரேமண்ட் ஷாக் குழு செய்த துகள்கள் அமிலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லியாம்பியர் தர, 130 மில்லிவோல்ட் மிகையழுத்தமே (வினையை ஓட்டத் தேவைப்படும் கூடுதல் மின்னழுத்தம்) கேட்டன.

இந்த எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. நீரைப் பிரிக்கும் காரக் கலங்களில் நிக்கலே நெடுங்காலமாக வேலை செய்கிறது. பிளாட்டினத்தின் பிடி இறுகியிருப்பது அமிலச் சவ்வுக் கலங்களில். அங்கே சல்ஃபைடு தாக்குப்பிடிக்கும், நிக்கல் பாஸ்பைடு கரையக்கூடும். ஆனால் அதன் உறவான கோபால்ட் பாஸ்பைடு, வணிகக் கலம் ஒன்றில் சதுர சென்டிமீட்டருக்கு 1.86 ஆம்பியரில் 1,700 மணி நேரத்துக்கு மேல் ஓடியதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. மின்னோட்டம் இருக்கும்வரை எதிர்மின்முனை அரிப்புக்குத் தப்பும். சூரிய மின்சாரத்தை மட்டும் நம்பிய கலமோ மாலைதோறும் நின்றுபோகும்; அந்தக் காப்பும் போய்விடும். ஆகவே சல்ஃபைடையும் பாஸ்பைடையும் நிறுத்தி, மீண்டும் ஓட்டி ஒப்பிடுவதுதான் அவசரத் தேவை. அப்போது இணை மின்முனையாகப் பிளாட்டினத்தை வைக்கவே கூடாது. அது கரைந்துவந்து சோதனைப் பரப்பில் படிந்து, மாற்றுப் பொருளின் பெயரில் தன் திறனையே காட்டிவிடும். கிராஃபைட் தண்டு போதும்.