ஒரே கிண்ணம்: தமிழ்த் திருச்சபை வரலாற்றில் விசுவாசம் யாரிடம் இருந்தது?



ஊழல் மலிந்த உலகில் உண்மையுள்ள கிறிஸ்தவராக வாழ்வது எப்படி என்ற கேள்வி ஆலயப் பிரசங்கங்களில் அடிக்கடி எழுகிறது. அங்கே உலகம் என்றால் லஞ்சம், குடி, சூது. விசுவாசி அந்தக் கறை படாமல் ஆலயத்துக்குள் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். தலித் கிறிஸ்தவர்களின் வரலாற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. சேரி மக்கள் எந்த உலகத்தை விட்டு ஓடிவந்தார்களோ, அந்த உலகம் அவர்களுக்கு முன்பே ஆலயத்துக்குள் வந்து பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஆகவே இந்த நினைவு நாளில் நாம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். சாதி திருச்சபைக்குள்ளேயே குடியிருந்த முந்நூறு ஆண்டுகளில், விசுவாசத்தை உண்மையாகக் காத்தவர்கள் யார்?

1706இல் சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்களிடம் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனிய எசமானர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். சீர்திருத்தச் சபையின் தமிழ் வரலாறு அடிமைகளிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் சபை வளர வளர, ஆலயத்துக்குள் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்ற ஏற்பாடும் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் இராஜநாயக்கன். கத்தோலிக்கப் பறையர் குடும்பத்தில் பிறந்தவர், தஞ்சை மன்னரின் படையில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேதாகமப் பகுதிகள் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றைத் தானே வாசித்து, தானே தேடிப்போய் மிஷனரிகளைச் சந்தித்தார். பிறகு படைவேலையை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைப் பகுதியில் சபைகள் உருவானதில் அவருடைய உழைப்பு பெரிது. 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவானார். அடுத்த குரு யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் எழுந்தது. அவருடைய அறிவையோ ஒழுக்கத்தையோ யாரும் குறை சொல்லவில்லை. ஒரு பறையரின் கையிலிருந்து வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்பதுதான் தடையாக நின்றது. 1741இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே ஊழியம் செய்தார்.

ஒருவருக்கு உரியதை வேறு கணக்குப் பார்த்து இன்னொருவருக்குக் கொடுப்பதற்குப் பெயர் ஊழல் என்றால், தமிழ்த் திருச்சபையின் பழைய ஊழல்களில் இது ஒன்று. இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஜெபித்தவர்கள், கடல் கடந்து வந்தவர்கள். சபை உடைந்துவிடக் கூடாது என்று அஞ்சினார்கள், அவ்வளவுதான். அந்த அச்சத்துக்கான விலையைத் தங்கள் கையிலிருந்து கொடுக்காமல் ஒரு பறையரின் கையிலிருந்து கொடுத்தார்கள்.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கே வேறொன்று நடந்தது. திருவிதாங்கூரின் மயிலாடியில் பிறந்த மகாராசன் என்ற பறையர், தஞ்சைக்குப் போய்த் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தன் மக்களிடையே சபையைத் தொடங்கினார். மிஷனரி ரிங்கல்தௌபேயைத் தன் ஊருக்கு அழைத்தவரும் அவரே. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடி வந்தபோது அங்கே விசுவாசிகள் ஏற்கெனவே இருந்தார்கள். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டைவிட்டுப் போனபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுச் சென்றார். அடுத்த மிஷனரி வந்து சேரும்வரை அவற்றை நடத்தியவர் அவர். தஞ்சையில் முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று மயிலாடியில் நடந்தது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வெள்ளைக்கார மிஷனரியின் வருகையாக எழுதுகின்றன. அது ஒரு சேரி மனிதரின் அழைப்பு என்று நாம் திருத்தி எழுத வேண்டும்.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதியை உடனடியாக, முழுமையாகக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். இனி ஆலயத்தில் தனி இருக்கை கிடையாது, திருவிருந்தில் தனி வரிசை கிடையாது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் அது வாசிக்கப்பட்டபோது உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் விலகிப்போனார்கள். இத்தகைய மாற்றங்களை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுத்தில் எதிர்த்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கண்ணீரோடு பாடும் கீர்த்தனைகளை எழுதிய அதே கவிஞர்தான். சாதி ஊர் வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் பகையில்லை என்பது அந்தத் தரப்பின் வாதம்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி போனது. சாதியை விட்டவர் என்பதற்கு அடையாளமாக, பிற சாதியார் சமைத்த உணவைச் சேர்ந்து உண்ண வேண்டும் என்றது. தரங்கம்பாடிப் பணியை ஏற்றிருந்த லைப்சிக் மிஷன் இதற்கு உடன்படவில்லை. சாதி ஒரு சமூக ஏற்பாடு, நற்செய்தி அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும் என்றது. மற்றச் சபைகளில் மனம் கசந்த வெள்ளாளர் பலர் அங்கே அடைக்கலம் தேடினார்கள். மெல்லக் கரையும் என்று சொல்லி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

விசுவாசம் பந்தியோடு நிற்கவில்லை, நிலத்துக்கும் போனது. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி என்ற மிஷனரிகள் பறையர்களின் நிலமின்மையையும் படியாள் கொடுமையையும் விடாமல் எழுதினார்கள். மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையும் சேர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழி திறந்தது. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது நீங்கள் அறிந்த கதை. அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஓர் இந்துப் பெயரும் அங்கே ஒன்றாக நிற்பதை நாம் மறக்கக் கூடாது.

இனி நம் காலம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடு அவருக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. சேரியில் அடி விழும்போது மட்டும் அவர் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

இதனால் பள்ளி இறுதி வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு என்ன நேர்கிறது? சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். உண்மையைச் சொன்னால் படிப்பு போகும். மறைத்தால் பொய்யன் என்ற பேர் வரும். ஞாயிறுதோறும் உண்மை பேசு என்று போதிக்கும் சபை, இந்தப் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமையை எங்கிருந்து பெற்றது? சபையின் கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கிறதே, அது எந்த உண்மை? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது வன்முறை வெடித்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தன் கொள்கை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. பொய் பிள்ளையின் சான்றிதழில் தொடங்கவில்லை. சட்டமும் சபையும் சேர்ந்து எழுதிய பொய்யின் கடைசி வரிதான் அது.

அப்படியானால் உண்மையாக வாழ்வது எப்படி? மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நம் பறட்டை அண்ணன், ஒரு வழி காட்டினார். தீட்டென்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சேரிப் பேச்சில் பாட்டு எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்றார். இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது அந்தப் பந்திதான்.

மாணவர்களிடம் நாம் கேட்பது இரண்டு வேலைகள். உங்கள் ஊர் சபைப் பதிவேடுகளைத் தேடி, குருப்பட்டம் கிடைக்காத உபதேசியார்களின், வேதாகமப் பெண்களின் பெயர்களை எழுதி எடுங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தைப் போடுங்கள், சுவர் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அவற்றை வாசிப்போம். அதற்குள் ஒரு சுவராவது இடிந்திருந்தால், அந்தச் செய்தியோடு வாருங்கள்.