கெண்டைக்காலும் மூச்சும்: ஒரு சின்ன வரலாறு

சித்திக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து பதினேழாம் நாள். தையல் பிரித்து, சிறுமலையில் வீட்டோடு இருந்தார். இடது கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலித்தது. "படுத்தே கெடக்குல்ல, அதான்" என்றோம். கொல்லைக்குப் போய் வந்ததும் மூச்சு வாங்கியது. வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். எதிர்வீட்டு ரிட்டயர்டு நர்ஸ் அக்காதான் நாடி பிடித்துப் பார்த்து, "120 அடிக்குது, உடனே கீழ இறக்குங்க" என்றார். 18 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, திண்டுக்கல்லில் சிடி ஸ்கேன் எடுத்தால், நுரையீரல் தமனியில் ரத்த உறைவு. பிழைத்துக்கொண்டார்.

காலும் மூச்சும் ஒரே நோய் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

1840களில் பெர்லின் ஷாரிடே மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த இளைஞர் ருடால்ஃப் விர்ஷோ. நுரையீரலில் கிடக்கும் உறைவு அங்கேயே உண்டாவது என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. அது கால் சிரையில் உருவாகி, பிய்ந்து, இதயம் வழியாக வந்து அடைத்தது என்றார் இவர். நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர் துண்டு போட்டு, அது நுரையீரலில் போய் நிற்பதைக் காட்டினார். எனக்கு இது சரியான டீபக்கிங் வேலை! 'எம்போலிசம்' என்ற பெயரும் அவர் வைத்ததே.

புற்றுநோய்க்கும் உறைவுக்குமான தொடர்பைப் பேசியவர் பாரிஸின் அர்மான் ட்ரூசோ. 1865இல் பாடம் நடத்தினார். 1867இல் தன் உடம்பிலேயே அந்த உறைவைக் கண்டு, தனக்குப் புற்றுநோய்தான் என்று முடிவு செய்தார். அதே ஆண்டு வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார்.

கர்ப்பப்பை, சினைப்பை ஆபரேஷனில் எல்லாம் ஒன்றுசேர்கிறது. புற்றுநோயே ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும். கட்டி இடுப்புச் சிரைகளை அழுத்தும். நெறிக்கட்டிகளை எடுக்கும்போது கத்தி அந்தச் சிரைகளை ஒட்டியே போகிறது. பிறகு படுக்கை வேறு.

தடுக்க முடியுமா? லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் இருந்த வி.வி.கக்கர் நடத்திய பன்னாட்டு ஆய்வு 1975இல் வந்தது. பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 4,121 பேர். ஹெப்பாரின் ஊசி போடாத பக்கம் நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் 16. போட்ட பக்கம் 2. இத்தாலியில் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட 2,373 பேரைக் கவனித்து 2006இல் வெளியான ஆய்வில் என்னை உறைய வைத்தது வேறொரு எண். உறைவுகளில் 40 சதவீதம் 21 நாளுக்குப் பிறகு வந்தவை. அதாவது பெரும்பாலோர் வீடு திரும்பிய பின்.

கண்டறிய, கனடாவின் ஃபிலிப் வெல்ஸ் குழு 2000இல் ஒரு மதிப்பெண் கணக்கு தந்தது. கால் வீக்கமும் வலியும் 3, நாடி 100க்கு மேல் 1.5, நாலு வாரத்துக்குள் ஆபரேஷன் 1.5, புற்றுநோய் 1. நாலைத் தாண்டினாலே சந்தேகம் பலம். சித்திக்குப் பின்னோக்கிக் கூட்டினேன்: 7. நாங்கள் ஓமம் இடித்துக்கொண்டிருந்தோம்.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள் வினிகர் தடவிப் பார்த்த ஊர்களில் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட்டில் வந்தது. நோயைக் கண்டுபிடிக்க நம் ஊர் உலகுக்கு வழி சொன்னது.

சித்தியின் டிஸ்சார்ஜ் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தையல் பிரிக்கும் தேதி, வெயிட் தூக்கக் கூடாது, காரம் குறைக்கவும். கால் பற்றி ஒரு வரி இல்லை. பேனாவால் நானே எழுதி வைத்திருக்கிறேன்: கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மலை இறங்கவும்.