மிஹிந்தலை: படிகளும் ஊதியக் கணக்கும்
தெஹிவளையிலிருந்து மாணவருடன் மிஹிந்தலைக் குன்றேறியபோது, வழிநெடுக மரங்களைப் பற்றியும் மகிந்த தேரரைப் பற்றியுமே பேச்சு நிகழ்ந்தது. தேவநம்பியதீசன் வேட்டையைக் கைவிட்ட மலை என்னும் மரபு இயற்கை ஆர்வலருக்கு உவப்பானதே. ஆனால், 1,840 எனப்படும் படிகளில் உழைத்தோரைப் பற்றி அம்மரபு வாய்திறப்பதில்லை.

உணவுச்சாலையருகே நான்காம் மகிந்தன் (956–972) நிறுவிய இரு கற்பலகைகள் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன. சமையலாளர், குயவர் முதலியோர்க்கு அளந்த அரிசியும் பணிக்கு ஈடாக விட்ட நிலமும் அவற்றில் வரையறுக்கப்பட்டுள்ளன. பற்றறுக்கப் போதித்த விகாரை நிலவுடைமை நிறுவனமாகவும் இயங்கியமைக்கு இதனினும் வெளிப்படையான சான்று அரிது. உழைத்தோர் இங்கும் பெரும்பாலும் தொழிற்பெயராலேயே அறியப்படுகின்றனர், ஆயினும் அறியப்படுகின்றனர்.

மாணவர் அருகிலிருந்த நீண்ட கற்றொட்டியைப் படம்பிடித்துவிட்டு மேலேறினர். அவர்களைத் திரும்ப அழைத்து, பலகைகளின் முன் நிறுத்தினோம்.