எச்-1பி விசாவும் இந்திய நிரலாளர்களின் இடப்பெயர்வும்

'பாடி ஷாப்பிங்' என்பது, ஒரு நிறுவனம் நிரலாளர்களைத் தன் பெயரில் பணியமர்த்தி, பிற நிறுவனங்களின் கணினிப் பணிகளுக்குக் குறுகிய காலம் அனுப்பிவைக்கும் முறையாகும். 1970களில் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியதிலிருந்து இம்முறை வளர்ந்தது. ஒரு திட்டப்பணி முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பெயர்வது இவ்வேலையின் இயல்பாக அமைந்தது.

விசாவின் வளர்ச்சி

1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் எச்-1பி விசாவை உருவாக்கியது. ஆண்டு வரம்பு 65,000. விசா மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டு, பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்பட்டது. பழைய நிரல்களில் ஆண்டு இரண்டு இலக்கங்களில் குறிக்கப்பட்டதால் எழுந்த 'ஒய்2கே' சிக்கலைத் தீர்க்கவும், இணைய நிறுவனங்களுக்காகவும் நிரலாளர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். வரம்பு 1999 நிதியாண்டில் 1,15,000 ஆகவும், 2001இல் 1,95,000 ஆகவும் உயர்ந்தது. இணைய நிறுவனங்களின் சரிவுக்குப் பின், 2004இல் மீண்டும் 65,000 ஆனது.

'பெஞ்ச்' காலம்

ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையில் காத்திருக்கும் காலம் 'பெஞ்ச்' எனப்படுகிறது. அக்காலத்தில் சில முகவர்கள் சம்பளம் தராததால், 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. ஐதராபாத்திலும் சிட்னியிலும் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சியாங் பியாவோ, 2007இல் வெளியான தம் நூலில், சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சுமை தொழிலாளர் மீது விழுந்ததை விளக்கினார்.

வேலை மாற்றமும் குடும்பமும்

புதிய நிறுவனத்தின் விண்ணப்பம் ஏற்கப்படும் வரை வேலை மாற முடியாதிருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், விண்ணப்பித்ததுமே மாறலாம் என்றானது. ஆனால் வேலை இழந்தவருக்கு 60 நாள் வரை அவகாசம் தரும் விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் புதிய வேலையோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால், வாடகை வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு நாடு திரும்ப வேண்டும்.

எச்-4 விசாவில் உடன்வந்த மனைவியோ கணவரோ 2015 வரை வேலை செய்ய முடியவில்லை. படித்துப் பணியாற்றிவந்த பெண்கள் பலர் இதனால் தம் தொழிலை இழந்தனர். அவ்வாண்டில் அனுமதி பெற்றோரும் ஒரு பகுதியினரே. பிள்ளைகளும் 21 வயதில் சார்ந்தோர் விசாவை இழக்கின்றனர்.

அடிக்கடி இடம் மாறுவது நிரலாளரின் விருப்பமாகத் தோன்றினாலும், எப்போது, எங்கே என்பதைப் பெரும்பாலும் ஒப்பந்தமும் விசாவுமே தீர்மானித்தன.