பெயர் இல்லாத ஆறு பெண்கள்

1986-ல் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. எதற்கெடுத்தாலும் கடலூருக்கு ஓடவேண்டிய காலம். எய்ட்ஸ் என்ற சொல்லைப் பேப்பரில் படித்திருந்தோம். அது அமெரிக்காவில் வரும் நோய், நமக்கென்ன என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெளியூரான் கொண்டுவரும் நோய் என்ற நினைப்பு நம்மிடம் பழையது. சிபிலிஸுக்குத் தமிழில் ஒரு பெயர் பறங்கிப்புண். கப்பலில் வந்த பறங்கியரோடு சேர்ந்து வந்த புண் என்று பொருள். அதற்குக் கொடுத்த மருந்துவேர் பறங்கிப்பட்டை. நாட்டுமருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். பெயரிலேயே பழியை அடுத்தவன் மேல் போட்டுவிட்டோம்!

அந்த நினைப்பை உடைத்தவர் 32 வயது மாணவி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படித்த நிர்மலா, இரண்டு குழந்தைகளின் தாய். ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று தேடியபோது, பேராசிரியர் சுனீதி சாலமன் எய்ட்ஸைச் சொன்னார். அதற்கு முன் பம்பாய்ப் பக்கம் எடுத்த நூற்றுக்கணக்கான ரத்த மாதிரிகளில் ஒன்றில்கூடக் கிருமி இல்லை. இது வீண்வேலை என்று நிர்மலாவுக்கே தயக்கம். கணவர்தான் தைரியம் சொல்லி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

பம்பாய் மாதிரி சென்னையில் தனித்தெரு கிடையாது. யாரிடம் போய் ரத்தம் எடுப்பது? ஜெனரல் ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்க்கு வந்த பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில், பலர் விஜிலென்ஸ் இல்லத்தைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. விபசார வழக்கில் பிடிபட்டு, ஜாமீன் கட்ட வழியில்லாத பெண்களை அடைத்துவைத்த அரசு இல்லம் அது. தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் நிர்மலா அங்கே போனார். கையுறை கிடையாது. மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. சேமிக்க இடமில்லாமல் அவற்றை வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தார். சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாரோ என்னவோ!

எலிசா பரிசோதனை வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியுமாக இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்குப் போனார்கள். நடுவில் கரண்ட் போய்விட, எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பிவந்து மூடியைத் திறந்தால், ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். சட்டசபையில் அமைச்சர் ஹண்டே அறிவித்தார். நம்ப மறுத்தவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆறு பேரைத் தாண்டிப் போக முடியவில்லை. எய்ட்ஸுக்கான பரிசோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். சொன்னாலும் புரிந்திருக்காது என்று நிர்மலாவே பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார். அன்றைய நடைமுறை அப்படி, அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சம்மதம் கேட்கப்படாமல் நாட்டுக்கே எச்சரிக்கை மணி அடித்தவர்கள் அவர்கள். மருந்தும் அப்போது இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டுமருந்து இலவசமாகத் தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான்.

இன்று நம்பிக்கை மையத்தில் முதலில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள், பிறகே ஊசி. இலவசம். தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச்சொல்வதும் உண்டு. எச்.ஐ.வி.க்கு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. ஆரம்பநிலை சிபிலிஸுக்கு ஒரே பென்சிலின் ஊசி போதும். கர்ப்பிணிகளுக்கு இரண்டையும் பார்க்கிறார்கள். அறிகுறியே இல்லாமல் இருந்து குழந்தைக்குப் போய்விடும் நோய்கள் இவை. ஆணுறை இரண்டுக்கும் காவல், கடையில் கேட்கத்தான் நமக்கு நாக்கு எழாது.

கல்வராயன் மலையிலிருந்து கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பலர். வெள்ளிமலையில் பஸ் ஏறினால் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். "ஆஸ்பத்திரிக்கா? என்னத்துக்கு?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே பரிசோதனைக்கு இறங்காதவர்கள் இருப்பார்கள். 1097-க்கு போன் போட்டால் பெயர் சொல்லாமல் சந்தேகம் கேட்கலாம், காசு கிடையாது.

சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்ற சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. வேலூர் ஆய்வகத்தில் மூடி திறந்து 32 ஆண்டுகள் கழித்து. சுனீதி சாலமன் அதற்கு மூன்று ஆண்டு முன்பே காலமாகிவிட்டார். நிர்மலா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி தயாரிப்பில் பணியாற்றி 2010-ல் ஓய்வுபெற்றார். அந்த ஆறு பெண்களின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை.